சுண்டலோட பிசியோதெரபி சென்டர்: எது காசுக்கு வொர்த், எது வேஸ்ட்டு

தண்ணிக்குள்ள டிரெட்மில்ல நாய் நடக்கற ரீல்ஸ் பாத்துட்டு "நம்ம நாய்க்கும் இத பண்ணிடலாம்"னு கெளம்பறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், அந்த கண்ணாடி டப்பாவுக்காக மட்டும் பேக்கேஜ் காசு கட்டாதீங்க. டப்பா நல்லதுதான், எங்க நாய் சுண்டலுக்கும் அது உதவுச்சு, ஆனா நாங்க அந்த சென்டருக்கு கொடுத்த காசுல நெஜமா வேலை செஞ்சது எதுன்னு கேட்டா ஒரு பிசியோ பொண்ணு எங்க அம்மாவுக்கு சொல்லிக் குடுத்த வீட்டுப் பாடம்தான். மத்ததெல்லாம் அதுக்கு அடுத்தது.

சென்டர் பேரு போடல. பில்லு விஷயத்துல கொஞ்சம் திட்டப் போறேன், அதே நேரம் உள்ள வேலை பாக்கறவங்கள நெறைய பாராட்டப் போறேன், பேரு போட்டா ரெண்டையும் மனசு விட்டு எழுத முடியாது. ஈசிஆர் பக்கம், ஒரு வெட்னரி டாக்டர் நடத்தற எடம், அவ்ளோ போதும். மெட்ராஸ்ல இந்த மாதிரி எடம் இப்ப இன்னும் சிலது இருக்கு, அதனால இதப் படிச்சுட்டு எந்த சென்டருக்குப் போனாலும் என்ன பாக்கணும்னு தெரிஞ்சா சரி.

சுண்டல் ஒரு டாஷண்டு, ஆறு வயசு, கருப்புல பழுப்பு. ஒருநாள் காலைல எழுந்தவன் பின்னங்கால் ரெண்டையும் தரையில இழுத்துட்டு வந்தான். முந்தின நாள் ராத்திரி லேசா முதுக வளைச்சுட்டு நின்னான், தூக்கினா கத்தினான், அவ்ளோதான். இந்த ஜாதி நாய் வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் இது எப்பவாவது காதுல விழுந்திருக்கும், முதுகெலும்பு நடுவுல இருக்கற டிஸ்க் பிரச்சனை. டாஷண்டுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணுக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது இது வருதுங்கறாங்க. நீளமான முதுகுதான் காரணம்னு நாமளா நெனச்சுக்கறோம், ஆனா டாக்டர் சொன்னது வேற, எந்த ஜீன் அந்த கால குட்டையாக்குதோ அதோட சேந்ததுதான் டிஸ்க்கையும் சின்ன வயசுலயே கெடுக்குது. நல்ல டிஸ்க் இளநொங்கு மாதிரி, உள்ள ஜெல்லி வெளிய தோலு, இந்த நாய்ங்களுக்கு அது ஒரு வயசு ரெண்டு வயசுலயே கடுக்காயா முத்திப்போய் சுண்ணாம்பு ஏறிடுது, அப்புறம் ஒருநாள் பிதுங்கி தண்டுவடத்த அமுக்கிடும். அதனால "சோஃபால இருந்து குதிச்சதாலதான் ஆச்சு"ன்னு வீட்ல யாரையும் குத்தம் சொல்லாதீங்க, குதிக்கறது சும்மா கடைசி சாக்கு.

இதுல அஞ்சு ஸ்டேஜ் இருக்கு. 1ன்னா வெறும் வலி, 2ன்னா தள்ளாடி நடக்கும், 3ன்னா கால் அசையும் ஆனா நிக்க முடியாது, 4ன்னா கால் சுத்தமா அசையாது ஆனா விரல நல்லா கிள்ளினா திரும்பிப் பாக்கும், 5ன்னா கிள்ளறதே தெரியாது. சுண்டல் 4ல இருந்தான். கிள்ளினப்ப திரும்பி கடிக்க வந்தான், எங்கள எல்லாரையும் விட அந்த டாக்டருக்குத்தான் அதுல சந்தோஷம். வலி தெரிஞ்சா ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்கற வாய்ப்பு ரொம்ப அதிகம், பத்துல ஒம்பது பக்கம், தெரியலன்னா பாதிக்குப் பாதிதான். ஆபரேஷன் கதை இங்க வேணாம், அது வேற எடத்துல நடந்துச்சு, நல்லபடியா முடிஞ்சுது. கையில காசு இல்லன்னு யாரும் அப்படியே விட்டுடாதீங்க, வேப்பேரில 1903ல இருந்து நடக்கற அந்த வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, கூட்டம் தாங்காது, காலங்காத்தால போய் சீட்டு வாங்கணும், ஆனா கேஸ் பாத்து பாத்து கை பழகின டாக்டருங்க.

இப்ப சென்டர் கதைக்கு வரேன். தையல் பிரிச்ச பிறகுதான் உள்ளயே விட்டாங்க. புண்ணு ஆறாம தண்ணில எறக்கறேன்னு யாராவது சொன்னா அங்கேர்ந்து கெளம்பிடுங்க.

முதல் நாள் ட்ரீட்மெண்டே கெடையாது, வெறும் பரிசோதனை, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அதுக்கு தனியா ஆயிரத்து ஐநூறு வாங்கினாங்க. இந்த காசு எனக்கு கொஞ்சம்கூட உறுத்தல. ஆபரேஷன் பேப்பர், ஸ்கேன் எல்லாம் வாங்கி முழுசா படிச்சாங்க. ஒவ்வொரு மூட்டா மடக்கி எவ்ளோ தூரம் போகுதுன்னு அளந்தாங்க, தொடைய டேப் வச்சு சுத்தளவு எடுத்தாங்க, வலது தொடை எடத விட மெலிஞ்சு போயிருந்தது எங்க கண்ணுக்கே தெரியல. பாதத்த மடக்கி மேல்பக்கம் தரையில படற மாதிரி வச்சுட்டு நாய் எவ்ளோ நேரத்துல திருப்பி சரியா வைக்குதுன்னு பாத்தாங்க, நல்ல நாய் உடனே திருப்பிடும், சுண்டல் அப்படியே விட்டுட்டு கூரைய பாத்துட்டு இருந்தான். மூத்திரப்பை தானா காலியாகுதா இல்ல நெறஞ்சு வழியுதான்னு தொட்டுப் பாத்தாங்க. இது ரொம்ப முக்கியம், கால் வராத நாய் சொட்டு சொட்டா போறத பாத்துட்டு "யூரின் போறான்"னு சந்தோஷப்படறவங்க நெறைய, நெஜத்துல அது நெறஞ்சு வழியறது, உள்ள தேங்கி இன்ஃபெக்ஷன் ஆயிடும். தினமும் மூணு நாலு தடவ கைய வச்சு மெதுவா அமுக்கி வெளியேத்தணும், எப்படி அமுக்கணும்னு அம்மா கைமேல கைய வச்சு சொல்லிக் குடுத்தாங்க. அப்புறம் எல்லாத்தையும் வீடியோ எடுத்து வச்சுக்கிட்டாங்க, அப்பத்தான் ஒரு மாசம் கழிச்சு "முன்னேத்தம் இருக்கா இல்லையா"ன்னு வாயால சண்டை போடாம போட்டுப் பாக்கலாம். எந்த சென்டரா இருந்தாலும் அளவே எடுக்காம நேரா மெஷின்ல போட்டா அது வேஸ்ட்டு, என்னோட கருத்து.

அடுத்து தண்ணி டிரெட்மில். கண்ணாடி டப்பா, கீழ ஓடற பெல்ட்டு, நாய உள்ள விட்டு கதவ மூடி கீழேர்ந்து வெதுவெதுப்பான தண்ணிய ஏத்துவாங்க. தண்ணி எதுக்குன்னா எடைய தூக்குது. நாய்ங்கள வச்சு அளந்திருக்காங்க, கணுக்கால் வரைக்கும் தண்ணி இருந்தா கால் மேல விழற எடை 91 சதவீதம், முட்டி வரைக்கும்னா 85, இடுப்பு எலும்பு வரைக்கும் ஏத்தினா வெறும் 38. அதாவது தரையில நிக்க முடியாத நாய் இடுப்பு தண்ணில நின்னுடும். கூடவே தண்ணி தள்ளறதால தசைக்கு வேலை, சூட்டுல இறுக்கம் விடும். தத்துவம் சூப்பர். சுண்டலுக்கு வந்த சிக்கல் என்னன்னா அவனுக்கு இடுப்பு வரைக்கும் ஏத்தினா அதுவே கழுத்துக்குப் பக்கத்துல வந்துடுது, காலே அரை ஜாண், அதனால லைஃப் ஜாக்கெட் மாட்டி, பிசியோ பொண்ணு ஒருத்தி அரைக்கால் ட்ரவுசரோட உள்ள எறங்கி அவன் பின்னாடி குந்திக்கிட்டு ரெண்டு பின்னங்காலையும் கையால எடுத்து எடுத்து வைப்பா. நெஜமான ட்ரீட்மெண்ட் அந்த கைதான். வெளிய நின்னு ரிமோட்ட அமுக்கிட்டு போன் பாக்கற எடமும் இருக்குன்னு அங்க வர்றவங்களே சொன்னாங்க, அப்படி இருந்தா அது நாய்க்கு குளியல், தெரபி இல்ல.

முதல் சில தடவ ரெண்டு மூணு நிமிஷத்துக்கே நாக்கு தொங்கிடுச்சு, உடனே நிறுத்திட்டாங்க, "அக்கா இன்னிக்கு இவ்ளோ போதும், டயர்டானா தப்பா நடக்கப் பழகிடுவான்"னு சொன்னா அந்த பொண்ணு. காசு கட்டிட்டு மூணு நிமிஷமான்னு எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு, ஆனா அதுதான் சரி. மெதுவா நிமிஷம் கூட்டினாங்க, தண்ணி மட்டத்த கொறைச்சாங்க. ஒருநாள் அவ கைய எடுத்துட்டா, அவன் பாட்டுக்கு நாலஞ்சு அடி தானா வச்சான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா மாரி பிஸ்கட்ட ஆட்டிட்டு நின்னதுக்கும் அதுல பங்கு உண்டு.

சரி, இவ்ளோ சொல்லிட்டு ஏன் டப்பாவுக்காக காசு கட்டாதீங்கன்னு சொல்றேன்? 2018ல அமெரிக்கால நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க இதே டிஸ்க் ஆபரேஷன் பண்ண நாய்ங்கள, அதுவும் சுண்டல் மாதிரி வலி உணர்வு இருக்கற சின்ன நாய்ங்கள, ரெண்டு குரூப்பா பிரிச்சு பாத்தாங்க. ஒரு குரூப்புக்கு சாதாரணமா கால மடக்கி நீட்டற பயிற்சி, கொஞ்சம் தாங்கிப் பிடிச்சு நடை. இன்னொரு குரூப்புக்கு அதோட சேத்து தண்ணி டிரெட்மில் எல்லாம் வச்சு ரெண்டு வாரம் தீவிரமான பயிற்சி. முடிவு, தீவிரமா பண்ணதால ஆபத்து எதுவும் இல்ல, ஆனா சீக்கிரம் நடக்கவும் இல்ல, ரெண்டு குரூப்பும் ஏறக்குறைய ஒண்ணுதான். முப்பது சொச்சம் நாய்ங்கதான், சின்ன ஆராய்ச்சி, அத வச்சு எல்லாமே தண்டம்னு சொல்ல முடியாது, ஆபரேஷன் முடிஞ்ச உடனே இருக்கற அந்த ரெண்டு வாரத்த பத்தி மட்டும்தான் அது பேசுது. ஆனா என் கணக்கு இதுதான், அந்த சாதாரணப் பயிற்சிய வீட்ல ஒழுங்கா பண்ற குடும்பத்துக்கு டப்பா ஒரு கூடுதல் வசதி, வீட்ல ஒண்ணும் பண்ணாம வாரம் ரெண்டு தடவ டப்பால விட்டுட்டு வர்றவங்களுக்கு டப்பா மட்டும் காப்பாத்தாது.

இத நான் அந்த டாக்டர் மேடம்கிட்டயே கேட்டேன், கோவிச்சுக்கல, "வீட்ல தினமும் பண்ண முடியும்னா வாரம் ஒரு தடவ போதும், நான் செக் பண்ணி அடுத்த ஸ்டெப் சொல்லிடறேன்"னாங்க. அந்த ஒரு பதிலுக்காகவே நான் அந்த எடத்த நாலு பேருக்கு சொல்லுவேன்.

ஆனா டாக்டர் ரூம்ல ஒரு பேச்சு, கவுண்டர்ல வேற பேச்சு. இதுதான் என் பெரிய கம்ப்ளைண்ட்டு. வெளிய வந்தா ரிசப்ஷன்ல "மேடம் பேக்கேஜ் போட்டுக்கோங்க, இன்னிக்கு கட்டினா ஆஃபர்"னு ஆரம்பிப்பாங்க. ஒரு செஷனுக்கு ஆயிரத்து இருநூறு பக்கம், பத்து செஷன் சேத்து கட்டினா கொஞ்சம் கொறையும், ஆனா திருப்பித் தர மாட்டாங்க, நாலு மாசத்துல முடிக்கணும்னு கண்டிஷன். டிஸ்க் நாய் ஒரு வாரம் நல்லா இருக்கும், மறு வாரம் வலி வந்து திரும்ப கூண்டு ரெஸ்ட்ல போடணும்னு சொல்லிடுவாங்க, அப்ப பேக்கேஜ் பாட்டுக்கு நாள் ஓடும். நாங்க கட்டல, ஒவ்வொரு தடவையும் தனித்தனியா கட்டினோம், மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டாங்க, வச்சுக்கட்டும்.

அதே மாதிரி லேசர். ஒவ்வொரு செஷன்லயும் லேசர் தனி பில்லு. நாய்க்கும் நமக்கும் கருப்புக் கண்ணாடி மாட்டி விடுவாங்க, சுண்டல் அத மாட்டிக்கிட்டு உக்காந்தா எங்க ஏரியா கவுன்சிலர் தோத்தாரு, போட்டோவுக்கு நல்லா இருக்கும். வலிக்கும் வீக்கத்துக்கும் நல்லதுன்னு சொல்றாங்க, ஆராய்ச்சி கலவையாத்தான் இருக்கு, சிலதுல பலன் தெரியுது சிலதுல தெரியல. வயசான நாயோட மூட்டுவலிக்கு எடுத்தவங்க சிலர் நல்லா இருக்குன்னாங்க, நான் மறுக்கல. ஆனா ரெண்டு விஷயம் நீங்களே கேட்டுக்கணும். கட்டி, கேன்சர் சந்தேகம் இருக்கற எடத்துல லேசர் அடிக்கக் கூடாது, வயசான நாய்னா உடம்புல எங்கயாவது கட்டி இருக்கான்னு முதல்ல தடவிப் பாத்தாங்களான்னு பாருங்க. கருப்பு முடி சூட்ட அதிகமா இழுக்கும், கருப்பு நாய்க்கு அளவ மாத்தணும், ஒரே எடத்துல வச்சு அழுத்தக் கூடாது. இங்க அந்த பொண்ணு கைய பக்கத்துலயே வச்சு சூடு பாத்துட்டே பண்ணா, அது ஓகே. கரண்ட் வச்சு தசைய துடிக்க வைக்கற மெஷின் ஒண்ணு இருக்கு, தொடை ரொம்ப மெலிஞ்சு போன சமயத்துல கொஞ்ச நாள் பண்ணாங்க, அது எனக்கு நியாயமா பட்டுச்சு, தானா அசைக்க முடியாத தசைய வேற எப்படி வேலை வாங்கறது. கால் வந்ததும் அவங்களே நிறுத்திட்டாங்க.

இப்ப வீட்டுப் பாடம். ஒரு நோட்டுல எழுதி, அம்மா போன்ல அம்மா கையையே வீடியோ எடுத்துக் குடுத்தாங்க. அம்மாவுக்கு அறுபத்தஞ்சு வயசு, முட்டி வலி, கீழ உக்கார முடியாதுன்னு சொன்னதும் அந்த பொண்ணு "அப்ப கட்டில் மேல மெத்தைய எடுத்துட்டு ஜமக்காளம் விரிச்சு, சுவத்து ஓரமா படுக்க வச்சு பண்ணுங்கம்மா, நீங்க ஸ்டூல்ல உக்காந்துக்கலாம்"னா. இந்த மாதிரி யோசிக்கறவங்களுக்குத்தான் காசு கொடுக்கலாம்.

முதல்ல வெந்நீர் ஒத்தடம், துணில, நம்ம உள்ளங்கைல வச்சா சுடாத அளவுக்கு. அப்புறம் ஒவ்வொரு மூட்டா, பாதம், கணுக்கால், முட்டி, இடுப்பு, மெதுவா மடக்கி மெதுவா நீட்டி பத்து பதினஞ்சு தடவ, கடைசில மொத்த காலையும் சைக்கிள் ஓட்டற மாதிரி சுத்தணும். விரல் இடுக்குல கூச்சம் காட்டி கால இழுத்துக்கறானான்னு பாக்கணும், இழுத்தா அதுவும் ஒரு எக்சர்சைஸ்தான். அப்புறம் நிக்க வைக்கறது. பழைய பூந்துண்டு ஒண்ண அடிவயித்துக்கு கீழ குடுத்து மேல தூக்கிப் பிடிச்சு, பாதம் சரியா தரையில பதியற மாதிரி வச்சு, எண்ணிக்கிட்டே நிக்க வைக்கணும். ஆம்பள நாயா இருந்தா துண்ட இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளி வைங்க, இல்லன்னா யூரின் போறப்ப துண்டு நாறிடும், இது எந்த நோட்டுலயும் இல்ல. நிக்க ஆரம்பிச்ச பிறகு இடுப்ப லேசா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளி பேலன்ஸ், அப்புறம் உக்காந்து எழறது, அப்புறம் துடைப்பக் கட்டைய தரையில படுக்க வச்சு அத தாண்டி நடக்கறது. சென்டர்ல இதுக்கு கலர் கலரா கம்பி வச்சிருக்காங்க, வீட்ல ரெண்டு துடைப்பம், ஒரு ஒட்டடைக் குச்சி, வேலை முடிஞ்சுது. கால தூக்கி வைக்கணும்ங்கறது மண்டைக்கு திரும்பப் புரியணும், அதுக்குத்தான்.

அம்மா இத காலைல சுப்ரபாதம் ஓடறப்ப ஒரு தடவ, சாயங்காலம் சீரியலுக்கு முன்னாடி ஒரு தடவன்னு வச்சுக்கிட்டாங்க. "டேய் சுண்டலு, காலை குடுடா"ன்னா அவனே மல்லாக்க படுத்துடுவான். பிசியோ பொண்ணு அடுத்த தடவ தொட்டுப் பாத்துட்டு "வீட்ல பண்றீங்க போல, மூட்டு இறுகவே இல்ல"ன்னா, பண்ணாதவங்கள கையால தொட்டே கண்டுபிடிச்சுடறா, டிமிக்கி குடுக்க முடியாது.

தரை. இது சென்டர்ல ஓசியா சொன்ன அட்வைஸ், அங்க வாங்கின எல்லாத்தையும் விட மேல. நம்ம ஃப்ளாட்டு எல்லாம் கண்ணாடி மாதிரி வழுக்கற டைல்ஸ். பின்னங்கால்ல பலம் இல்லாத நாயும் சரி, மூட்டு தேஞ்ச வயசான நாயும் சரி, அதுல நின்னா கால் ரெண்டு பக்கமும் வழுக்கி விரிஞ்சுடும், அப்புறம் பயந்துட்டு எழவே மாட்டான், நாம "வயசாயிடுச்சு, படுத்தே கெடக்கான்"னு நெனச்சுப்போம். குழந்தைங்க ரூம்ல போடற பசில் ஃபோம் மேட்டு, ரப்பர் மேட்டு, பழைய யோகா மேட்டு, எதையாவது அவன் நடக்கற வழி முழுக்க, படுக்கைல இருந்து தண்ணி கிண்ணம் வரைக்கும், அங்கேர்ந்து பால்கனி வரைக்கும் விரிச்சு விடுங்க. நகத்த வெட்டுங்க, பாதத்துக்கு அடியில விரலுக்கு நடுவுல வளர்ற முடிய ட்ரிம் பண்ணுங்க. காலர எடுத்துட்டு ஹார்னஸ் போடுங்க. படிக்கட்டுக்கு கேட்டு. தூக்கறப்ப அக்குள்ல கைய விட்டு குழந்தைய தூக்கற மாதிரி தூக்காதீங்க, ஒரு கை நெஞ்சுக்கு கீழ, ஒரு கை பின்பக்கத்துக்கு கீழ, முதுகு நேரா இருக்கணும். பக்கத்து வீட்டு பதிமூணு வயசு லேப்ரடாருக்கும் இதே மேட்டு வைத்தியத்த சொன்னேன், அவங்க எந்த சென்டருக்கும் போகல, அந்த ஐயா இப்ப ஹால் வரைக்கும் வந்து பேப்பர்காரன பாத்து கொலைக்கறாரு.

எடை விஷயத்துல டாக்டர் மேடம் ரொம்ப கறார். சுண்டல் பதினோரு கிலோ இருந்தான், ஒம்பதுக்கு வரணும்னாங்க. விலா எலும்பு கைக்கு லேசா தட்டுப்படணும், மேலேர்ந்து பாத்தா இடுப்பு தெரியணும், அவ்ளோதான் டெஸ்ட்டு. அமெரிக்கால 48 லேப்ரடார் குட்டிங்கள ஜோடி ஜோடியா பிரிச்சு, ஒண்ணுக்கு 25 சதவீதம் சாப்பாடு கம்மியா குடுத்து வாழ்நாள் முழுக்க பாத்தாங்க, 2002ல வெளியான முடிவு, கம்மியா சாப்பிட்டது கிட்டத்தட்ட 2 வருஷம் அதிகமா வாழ்ந்துச்சு, மூட்டுத் தேய்மானமும் லேட்டாத்தான் வந்துச்சு. அத அம்மாகிட்ட சொன்னாங்க. அம்மா "பாவம் அந்த கம்மியா சாப்பிட்ட குட்டிங்க"ன்னாங்க. அப்புறம் ஒரு வழியா காலை இட்லி நின்னுது, சாயங்கால பிஸ்கட்டு கால் துண்டா கொறைஞ்சு எக்சர்சைஸ் கூலியா மாறுச்சு, கேரட்டு துண்டுக்கும் அதே மரியாதை குடுக்கறான்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் நிம்மதி.

அங்க வர்ற மத்த கேஸெல்லாம் பாத்ததுல எனக்குப் புரிஞ்சது, இந்த தெரபியோட மதிப்பு வியாதிக்கு வியாதி மாறுது. முட்டி லிகமெண்ட் ஆபரேஷன் பண்ண லேபு ஒண்ணு வரும், அதுக்கு டப்பா பிரமாதமா வேலை செஞ்சுது, ஆபரேஷன் பண்ண கால ஊனவே மாட்டேன்னு மூணு கால்ல நொண்டிட்டு இருந்தது தண்ணில எறங்கினா நாலு காலும் வைக்கும். ஒரு வயசான ஜெர்மன் ஷெப்பர்டு, தண்டுவடமே கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப் போற வியாதி, அதுக்கு மருந்தே கெடையாது. ஆனா 2006ல வந்த ஒரு ஆராய்ச்சில, 22 நாய்ங்கள வச்சு, தினமும் நல்லா பிசியோ பண்ணது சராசரியா 255 நாள் இருந்துச்சு, ஓரளவு பண்ணது 130, ஒண்ணுமே பண்ணாதது 55. வீட்டுக்காரங்க பண்ண அளவ வச்சு பிரிச்சது, பக்காவான ஆராய்ச்சின்னு சொல்ல முடியாது, இருந்தாலும் வேற வழியே இல்லாத வியாதில அது சின்ன நம்பர் இல்ல. அந்த ஷெப்பர்டோட சார் ரிட்டயர்டு ஆளு, யார்கிட்டயும் அதிகம் பேச மாட்டாரு, நாய் நடக்கறப்ப அதோட அடிய மட்டும் வாய்க்குள்ள எண்ணிட்டே கூட நடப்பாரு.

லாரி அடிச்ச ஒரு தெருநாய், முதுகெலும்பு உடைஞ்சு பின்னங்கால் வரவே வராதுன்னு தெரிஞ்சிடுச்சு, ரெண்டு காலேஜ் பசங்க சேந்து எடுத்து வளக்கறாங்க. அதுக்கு அங்க யாரும் செஷன் விக்கல, நேரா அளவெடுத்து சக்கர வண்டி செஞ்சு குடுத்து, எவ்ளோ நேரம் போடலாம், எங்க தோல் உரசி புண்ணாகும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வண்டில ஏறினதும் அது ஆடின ஆட்டத்த பாக்கணும். மூணு நாள்ல ரிசப்ஷன் டேபிள் கால உடைச்சதா கேள்வி, எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

பூனை வச்சிருக்கறவங்க நல்லா கவனிங்க. வெயிட்டிங் ஹால் ஒண்ணுதான், நாயும் பூனையும் ஒண்ணா, ஏசி ஒரு மூலைல மட்டும். ஒரு பர்ஷியன் பூனை கூடைக்குள்ள உக்காந்து நடுங்கிட்டே இருந்துச்சு, உள்ள போனா உடம்பு விறைச்சுடும், அப்புறம் எந்த மூட்ட மடக்கறது. வாய்விட்டு கேட்டா மத்தியானம் காலியா இருக்கற நேரம் தனியா தருவாங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க. இன்னொண்ணு, பூனைக்கு வலின்னு வீட்ல இருக்கற பாராசிட்டமால உடைச்சு குடுத்துடாதீங்க, பூனைய அது கொன்னுடும். நாய்க்கும் நம்ம ஐப்ரூஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் வேணாம், வயித்துல புண்ணு வந்து கிட்னி போயிடும். அங்க ஒருத்தர் "மனுஷன் மாத்திரைய பாதி குடுத்தேன்"னு சொன்னதும் டாக்டர் தெரபிய நிறுத்திட்டு ரத்த டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க, அது எனக்குப் புடிச்சுது.

தண்ணி சுத்தம் பத்தி கேளுங்க, வெக்கப்படாம கேளுங்க. கால் வராத நாய்க்கு அடக்கவும் வராது, சூடான தண்ணில எறங்கினதும் கக்கா போறது சகஜம். இங்க போனா உடனே நாய வெளிய எடுத்து, டப்பாவ காலி பண்ணி கழுவினாங்க, அதுக்கு அரை மணி நேரம் தாமதம், நான் முணுமுணுக்கல. ஆனா சாயங்கால ஸ்லாட்டுக்கு போனப்ப தண்ணி லேசா கலங்கலா இருந்த மாதிரி பட்டுச்சு, "ஃபில்டர் ஓடுதுங்க"ன்னு அந்த தம்பி சொன்னான். அதுக்கப்புறம் காலைல முதல் ஸ்லாட்டா பாத்து புக் பண்ணிக்கிட்டோம். திறந்த புண்ணு, தோல் வியாதி இருக்கற நாய உள்ள விட மாட்டாங்க, வாசல்லயே உண்ணி இருக்கான்னு காது மடிப்பு விரல் இடுக்கு எல்லாம் பாத்துட்டுத்தான் விடறாங்க, நல்ல பழக்கம். தண்ணிய விட்டு வந்ததும் ட்ரையர் போடுவாங்க, ஆனா அவசரத்துல அடிவயிறும் விரல் நடுவும் ஈரமா இருக்கும், மெட்ராஸ் புழுக்கத்துல அது ரெண்டே நாள்ல அரிப்பாகும், நீங்க ஒரு துண்டு கொண்டு போய் நீங்களே துடைங்க.

போக்குவரத்து பெரிய தலைவலி. நாய்னதும் கேப் டிரைவர் பாதி பேர் கேன்சல், மீதி பேர் நூறு ரூபா கூட கேப்பாங்க. ஆட்டோல போனா ஈசிஆர் குலுக்கல்ல ஆபரேஷன் பண்ண முதுகு என்னத்துக்காகும், அதனால கூண்டுக்குள்ள நாலு பக்கமும் போர்வை அடைச்சு கொண்டு போனோம். வீட்டுக்கு வந்து பண்ற பிசியோவும் உண்டு, அதே சென்டர்ல கேட்டா அந்த பொண்ணே வருவா, ரேட்டு கூட, ஆனா கேப் காச கழிச்சுப் பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல, வயசான பெரிய நாய் வச்சிருக்கறவங்களுக்கு நான் அதத்தான் சொல்லுவேன், முப்பத்தஞ்சு கிலோ லேப மூணாவது மாடில இருந்து தூக்கிட்டு எறங்கி உங்க முதுகு போச்சுன்னா உங்களுக்கு யாரு துண்டு கட்டி நடக்க வைப்பாங்க. வீட்டுக்கு வர்றவங்கள கூப்பிடறப்ப ஒண்ணு மட்டும் உறுதி பண்ணிக்கோங்க, பின்னாடி ஒரு பதிவு பெத்த வெட்னரி டாக்டர் இருக்கணும், அவங்க பாத்து எழுதிக் குடுத்த பிளான் படி நடக்கணும். மனுஷங்களுக்கு பிசியோ படிச்சுட்டு நாய்க்கும் பண்றேன்னு வர்றவங்க சிலர் நல்லாவே பண்றாங்க, ஆனா நாய் ஏன் நொண்டுதுன்னு கண்டுபிடிக்கறது அவங்க வேலை இல்ல.

சுண்டல் இப்ப நடக்கறான். பின்பக்கம் கொஞ்சம் ஆடும், திரும்பறப்ப சில சமயம் வலது கால் மடங்கும், தெருவுல பூனைய பாத்தா ஓடவும் பாக்கறான், விடறதில்ல. தொடை அளவு ரெண்டும் இப்ப கிட்டத்தட்ட சமம்னு போன தடவ டேப் வச்சு காட்டினாங்க. மாசம் ஒரு தடவ செக்கப்புக்கு மட்டும் போறோம், அதுக்கு ஐநூறு. தெரபி பண்றவங்களுக்கும் டாக்டருக்கும் அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார், பில்லு கவுண்டருக்கு ஒண்ணரை, வெயிட்டிங் ஹாலுக்கு ரெண்டு. திங்கக்கிழமை லீவு, போன் பண்ணா எடுக்க மாட்டாங்க, வாட்ஸப்ல மெசேஜ் போட்டாத்தான் ஸ்லாட்டு கெடைக்கும், வாசல்ல கார் நிறுத்த எடம் கெடையாது, நாய எறக்கி விட்டுட்டு அடுத்த தெரு கோயில் பக்கம் போட்டுட்டு வாங்க.